சிறிய பவுல் வெற்றிக்கு மோதிரம் தகுமா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவுல் ஆட்டம் என்பது என்ன? எதைச் சிறிய பவுல் என்கிறோம்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், நம் ஊர்க் கால்பந்து அல்ல) வழக்கமான பருவம் நவம்பர் கடைசியோடு முடிந்துவிடும். அதன்பின் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை, அழைப்பின் பேரில் நடக்கும் தனி ஆட்டங்களே பவுல்கள். வென்ற அணியினருக்கு நினைவாக மோதிரம் செய்து தருவது அங்கே வழக்கம். முதல் ஆட்டம் 1902 ஜனவரி 1 அன்று கலிபோர்னியாவின் பாசடீனாவில் நடந்தது. மிச்சிகன் 49–0 என்று ஸ்டான்ஃபோர்டை வென்றது. 1922இல் அதே ஊரில் எழுந்த கிண்ண வடிவ அரங்குக்கு ரோஸ் பவுல் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த ஊர்களும் அதையே எடுத்துக்கொண்டன. 1935இல் ஆரஞ்சு, சுகர், சன் பவுல்கள் வந்தன, 1937இல் காட்டன் பவுல். இன்று நாற்பதை ஒட்டி நிற்கிறது எண்ணிக்கை.

ரோஸ், சுகர், ஆரஞ்சு, காட்டன், ஃபியஸ்டா, பீச் ஆகிய ஆறும் தேசியச் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் பிளேஆஃப் சுற்றோடு பிணைந்தவை. இந்தப் பக்கத்தில் சிறிய பவுல் என்று சொல்வது இந்த ஆறுக்கு வெளியே உள்ளவற்றை: பாய்சி நகரின் நீலத் தரையில் நடக்கும் ஃபேமஸ் ஐடஹோ பொட்டேட்டோ பவுல், ஷ்ரீவ்போர்ட்டின் இண்டிபெண்டன்ஸ் பவுல், ஆல்புகெர்க்கியின் நியூ மெக்சிகோ பவுல், இன்னும் முப்பதுக்கு மேல்.

நேரடியாகக் கேட்கிறோம்: இந்தச் சிறிய வெற்றிகளுக்கு மோதிரம் தகுமா?

தகும். ஆனால் நடந்ததை உள்ளபடி சொல்லும் மோதிரமாக இருக்க வேண்டும். எந்த ஆட்டம், எந்த எதிரணி, என்ன ஸ்கோர் என்று சொல்லி, அதற்கு மேல் எதையும் கோராத மோதிரம். சிறிய வெற்றிக்கெல்லாம் தருவதால் மோதிரம் "மலிந்துவிட்டது" என்று சிலர் சொல்லும் குறை பெரும்பாலும் மோதிரத்தின் அளவையும் அதில் பொறித்த சொற்களையும் பார்த்து எழுவது. வெற்றியைப் பார்த்து எழுவது அல்ல.

சில அணிகளை நினைத்துப் பாருங்கள். நியூ மெக்சிகோ ஸ்டேட் 1960 சன் பவுலுக்குப் பிறகு எந்தப் பவுலிலும் ஆடியதில்லை. 2017 டிசம்பரில் அரிசோனா பவுலில் யூட்டா ஸ்டேட்டைக் கூடுதல் நேரத்தில் 26–20 என்று வென்றது. நடுவில் ஓடியது 57 ஆண்டுகள். ஈஸ்டர்ன் மிச்சிகன் 1987இல் கலிபோர்னியா பவுலை வென்றது. அடுத்த பவுல் வெற்றி 2022இல், ஐடஹோவில், சான் ஹோசே ஸ்டேட்டை 41–27 என்று வீழ்த்தியபோது. ஆக்ரன் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே முதல் பவுல் வெற்றி 2015இல் வந்தது, அதே ஐடஹோவில், 23–21 என்ற நூலிழையில். வாண்டர்பில்ட் 1955க்குப் பிறகு 2008 மியூசிக் சிட்டி பவுலில்தான் வென்றது. இந்த ஆட்டங்களை ஆடியவர்களிடம் அது சின்ன பவுல் என்று சொல்ல யாருக்கும் நா வராது.

இன்னொரு கோணமும் உண்டு. பவுலுக்குத் தகுதி பெற்றால் தலைமைப் பயிற்சியாளருக்கு ஊக்கத்தொகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பது பரவலான வழக்கம். வென்றால் கூடுதலாகவும் கிடைக்கும். பயிற்சியாளரின் தொகையைக் கேள்வி கேட்காதவர், களத்தில் முழங்கால் தேய்ந்தவனின் மோதிரத்தை மட்டும் அதிகம் என்பது நியாயமாகாது. போருக்குப் போனவன் காலில் கழல் கட்டுவது நம் பழம்பாட்டுகளில் வீரத்தின் அடையாளம். அரசன் காலுக்கு மட்டும் என்று யாரும் ஒதுக்கவில்லை.

ஆறு வெற்றி, ஆறு தோல்வி கண்ட அணிக்கும் மோதிரமா?

12 ஆட்டங்களில் 6 வென்றால் பவுலுக்குப் போகலாம் என்ற நடைமுறை 2006இல் வந்தது. 2015இல் அதையும் தாண்டிப் போனது. 80 இடங்களை நிரப்ப ஆறு வெற்றி பெற்ற அணிகள் போதவில்லை. வீரர்களின் படிப்பு முன்னேற்ற மதிப்பெண் வரிசையைப் பார்த்து, 5–7 என்று முடித்த நெப்ராஸ்கா, மினசோட்டா, சான் ஹோசே ஸ்டேட் மூன்றையும் அழைத்தார்கள். மூன்றும் வென்றன. நெப்ராஸ்கா 37–29 என்று யூ.சி.எல்.ஏ.வை, மினசோட்டா 21–14 என்று சென்ட்ரல் மிச்சிகனை, சான் ஹோசே ஸ்டேட் 27–16 என்று ஜார்ஜியா ஸ்டேட்டை. வென்ற பிறகும் மூன்றின் கணக்கும் 6–7தான்.

இங்கேதான் எங்கள் கோடு. பவுலில் வென்றும் வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாக இருக்கும் ஆண்டில் மோதிரம் வேண்டாம். பவுல் நிர்வாகம் தரும் பரிசுப் பையும் பெயர் பொறித்த ஒரு கடிகாரமும் போதும். 6–6 என்று போய் 7–6 ஆக முடித்த அணிக்குத் தரலாம். அந்த ஏழாவது வெற்றியே பருவத்தை நேர்ப்பக்கம் சாய்த்தது.

தோற்ற அணிக்கும் சில பல்கலைக்கழகங்கள் மோதிரம் தருகின்றனவே. விதியில் இடம் உண்டா?

உண்டு. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.யின் விதி இதைப் பங்கேற்பு விருது என்றே வகைப்படுத்துகிறது. வெற்றியை நிபந்தனையாக வைக்கவில்லை. இடம் இருக்கிறது என்பதற்காகச் செய்துவிட வேண்டும் என்பதில்லை. தோற்ற ஆட்டத்துக்கு மோதிரம் செய்தால் ஸ்கோர் பொறிக்கும் இடத்தில் என்ன பொறிப்பது என்ற சங்கடம் வடிவமைப்பு மேசையிலேயே தொடங்கிவிடும். விதிவிலக்காக ஒன்றை ஏற்கலாம்: பல்கலைக்கழக வரலாற்றில் முதன்முறை பவுலுக்குப் போன அணி. அதற்கும் மோதிரத்தில் "முதல் பவுல்" என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

செலவுக்கு உச்சவரம்பு எவ்வளவு? யார் கொடுப்பது?

பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த கணக்கு இது. பவுல் நிர்வாகம் ஓர் அணிக்கு 125 பேர் வரை, ஆளுக்கு 550 டாலர் மதிப்புள்ள பரிசுகள் தரலாம். ஹெட்ஃபோன், கடிகாரம், பை போன்றவை இதில் வரும். இதுபோக, பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களுக்காகப் பல்கலைக்கழகம் 400 டாலர் வரை, அது சேர்ந்துள்ள கான்ஃபரன்ஸ் (தமக்குள் போட்டி நடத்தும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) 400 டாலர் வரை கொடுக்கலாம். மோதிரம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் இந்த 400 டாலருக்குள் அடங்க வேண்டியது.

இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். ஒன்று, அந்த 400 டாலர் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்துக்கும் பவுலுக்கும் சேர்த்து. டிசம்பர் முதல் வாரத்தில் கான்ஃபரன்ஸ் பட்டத்துக்காக ஒரு மோதிரத்துக்குச் சொல்லிவிட்டால் பவுலுக்கு மிஞ்சுவது சொற்பம். அந்த ஆண்டு இரண்டையும் ஒரே மோதிரத்தில், இரு தோள்களில் (மேல்முகத்தின் இரு பக்கங்களில்) ஒவ்வொன்றாகப் பொறிப்பதே புத்திசாலித்தனம். மற்றொன்று, வரம்புக்கு மேற்பட்ட விலையை வீரர் தன் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்ட விதி இடம் தரவில்லை. "மிச்சத்தை அப்பா கட்டிவிடுவார்" என்ற ஏற்பாடும் வீரரின் தகுதியைச் சிக்கலில் தள்ளும்.

2025இலிருந்து விதிகள் வேகமாக மாறுகின்றன. ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிமுறை அலுவலகத்தில் அந்த ஆண்டின் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த விலைக்குத் தங்கம் கிடைக்குமா?

கிடைக்காது. கணக்கு எளிது. அமெரிக்க மோதிரக் கம்பெனிகள் வழக்கமாகப் பயன்படுத்துவது 10 காரட். அதாவது நூற்றுக்கு 41.7 பங்கு தங்கம், முத்திரை 417. நம் ஊர் 916 நகையோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. ஒரு நடுத்தர அணி மோதிரம் 20 கிராம், இரண்டரைச் சவரன் என்று வையுங்கள். அதில் சுத்தத் தங்கம் 8.3 கிராம். கிராம் 60 டாலராக இருந்த காலத்திலேயே தங்கத்துக்கு மட்டும் 500 டாலர் ஆகிவிடும். விலை அதற்குப் பிறகு ஏறத்தான் செய்திருக்கிறது.

ஆகவே நடைமுறையில் மூன்று வழிகள்.

925 வெள்ளி. எங்கள் பரிந்துரை இதுவே. நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. கறுக்கும், ஆனால் துடைத்தால் மீளும், அளவு மாற்றலாம், முப்பது ஆண்டு கழித்தும் ஒரு தட்டான் கையில் கொடுத்துச் சரிசெய்யலாம்.

கம்பெனிகள் தத்தம் வணிகப் பெயரில் விற்கும் வெண்ணிறக் கலப்பு உலோகங்கள். கடினமானவை, பளபளப்பு நிற்கும், விலை குறைவு. ஆனால் தெருமுனைப் பட்டறையில் அளவு மாற்ற முடியாது. செய்த கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். சிலருக்கு இவற்றில் உள்ள நிக்கல் ஒத்துக்கொள்ளாது, விரலில் அரிப்பு வரும். முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

துத்தநாகக் கலவை மேல் முலாம். இதைத் தவிர்க்கச் சொல்வோம். துத்தநாகம் ஏறக்குறைய 420 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெள்ளிப்பொடி வைத்துப் பற்றவைக்க 700 டிகிரியை ஒட்டி வேண்டும். ஆக, பற்றவைக்கப் போனால் மோதிரமே இளகி உட்கார்ந்துவிடும். முலாம் உள்ளங்கைப் பக்கம்தான் முதலில் தேயும். கீழே சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். ஒரே வார்ப்பு அளவில் 30 கிராம் துத்தநாக மோதிரம், வெள்ளியில் ஏறக்குறைய 47 கிராம் இருக்கும். கையில் வாங்கியதும் தெரியும் வேறுபாடு இது. பெரிய மோதிரமாகக் காட்ட வேண்டும் என்று துத்தநாகத்துக்குப் போவதைவிட, சிறிய மோதிரமாக வெள்ளியில் செய்வது வீரருக்கு நல்லது.

கல் என்ன கல்?

வைரம் இந்த விலைக்குள் வராது. க்யூபிக் சிர்கோனியா பதிப்பார்கள். கடினத்தன்மை அளவில் 8 முதல் 8.5, வைரம் 10. நடுவில் அணியின் நிறத்துக்குச் செயற்கைக் கல். கல்லை உலோகப் பிடி வைத்துப் பதித்திருக்கிறார்களா, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று மாதிரி மோதிரத்தில் கேட்டே ஆக வேண்டும். பசையில் நிற்கும் கல் வெந்நீரும் சோப்பும் பட்டுப்பட்டுக் கழன்று போகும். கல்லின் எண்ணிக்கைக்கு ஒரு பொருள் வையுங்கள். பருவத்தில் 8 வெற்றி என்றால் 8 கல். எண்பது கல்லைத் தூவினால் எதுவும் சொல்லாத மினுக்கமாகிவிடும்.

என்னென்ன பொறிக்க வேண்டும்? "சாம்பியன்கள்" என்று போடலாமா?

பவுல் பெயருக்கு அடுத்து வந்தால் போடலாம்: "இண்டிபெண்டன்ஸ் பவுல் சாம்பியன்கள்". அந்த ஆட்டத்தில் கோப்பையை வாங்கியவர்கள் அவர்களே. ஆனால் "சாம்பியன்கள்" என்ற சொல் மேல்முகத்தில் பெரிதாகவும் பவுலின் பெயர் தோளில் பொடியாகவும் இருந்தால் அது பார்ப்பவரை ஏமாற்றும் மோதிரம். பவுல் பெயரும் அந்தச் சொல்லும் ஒரே உயரத்தில், ஒரே முகத்தில் இருக்கட்டும்.

2017இல் யூ.சி.எஃப். எனப்படும் சென்ட்ரல் ஃப்ளோரிடா 13–0 என்று தோல்வியே இல்லாமல் முடித்தது. பீச் பவுலில் ஆபர்னை 34–27 என்று வென்றது. நான்கு அணிகள் கொண்ட அன்றைய பிளேஆஃபில் அதற்கு இடம் தரவில்லை. தன்னைத் தேசியச் சாம்பியன் என்று அறிவித்து, அதே சொல்லை மோதிரத்திலும் பொறித்தது. அது ஒரு முறையீடு. அதன் பின்னால் தோல்வியே காணாத ஒரு பருவம் நின்றது. 7–6 அணி அந்தத் துணிச்சலைக் கடன் வாங்கக் கூடாது.

நாங்கள் சொல்லும் அமைப்பு: மேல்முகத்தில் பல்கலைக்கழகச் சின்னம், அதைச் சுற்றிப் பவுல் பெயர். ஒரு தோளில் வீரரின் குடும்பப் பெயர், சட்டை எண். மறு தோளில் எதிரணியின் பெயரும் ஸ்கோரும் ஆண்டும். உட்புறம் அந்த அணிக்கே உரிய ஒரு சொல் அல்லது பருவத்தின் வெற்றி தோல்விக் கணக்கு. எழுத்து உயரம் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மெருகு போடும்போதே மழுங்கிவிடும். பவுலின் சின்னம் வணிகக் குறி. பவுல் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பல்கலைக்கழகச் சின்னத்துக்கும் உரிமம் பெற்ற கம்பெனியாக இருக்க வேண்டும். இந்த இரண்டு அனுமதிக்கே மூன்று வாரம் போகும் என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

ஆண்டு விஷயத்தில் ஏன் இவ்வளவு குழப்பம்?

பருவம் ஓர் ஆண்டில், பவுல் மறு ஆண்டில் என்பதால். நார்த்வெஸ்டர்ன் 1949 ரோஸ் பவுலுக்குப் பிறகு ஒன்பது பவுல்களில் தொடர்ந்து தோற்றது. கடைசியில் 2013 ஜனவரி 1 அன்று கேட்டர் பவுலில் மிசிசிப்பி ஸ்டேட்டை 34–20 என்று வென்றது. அது 2012 பருவத்தின் ஆட்டம். மோதிரத்தில் 2012 என்பதா, 2013 என்பதா? பருவத்தின் ஆண்டை மேல்முகத்திலும் ஆட்டத்தின் முழுத் தேதியை உட்புறத்திலும் போட்டால் சண்டை இல்லை. ஒன்றை மட்டும் போடுவதானால் பருவத்தின் ஆண்டு. வீரர்கள் தங்களை "2012 அணி" என்றே சொல்லிக்கொள்வார்கள்.

மற்ற பிழைகள்: ஸ்கோரில் எதிரணியின் எண்ணை முதலில் போடுவது, பெயரில் உள்ள அப்பாஸ்ட்ரஃபி, ஜூனியர், மூன்றாமவர் போன்ற ஒட்டுகளை விட்டுவிடுவது, பருவத்தின் நடுவில் சட்டை எண் மாறிய வீரருக்குப் பழைய எண். பெயர்ப் பட்டியலை அலுவலகக் கணினியிலிருந்து அப்படியே அனுப்பாதீர்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்திட்ட தாளை வைத்துச் சரிபாருங்கள்.

யார் யாருக்குத் தர வேண்டும்?

உதவித்தொகை இல்லாமல் தாமாக வந்து சேர்ந்த வாக்-ஆன் வீரர்கள், காயத்தால் உட்கார்ந்தவர்கள், ஒரு நிமிடமும் களமிறங்காதவர்கள், எல்லாருக்கும். டிசம்பர் பயிற்சியில் எதிரணியின் ஆட்டத்தை நடித்துக் காட்டி அடிவாங்குவது பெரும்பாலும் இந்தப் பெயர் தெரியாதவர்களே. உடற்பயிற்சி மருத்துவ உதவியாளர்கள், ஹெல்மெட்டும் தோள்கவசமும் பார்த்துக்கொள்பவர்கள், காணொளி எடுப்பவர்கள், மாணவ மேலாளர்கள் ஆகியோரையும் சேர்க்க வேண்டும். பணம் போதாவிட்டால் ஆளைக் குறைக்காதீர்கள், மோதிரத்தைச் சிறிதாக்குங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: வீரர்கள் 110, பயிற்சியாளர்களும் ஆட்ட ஆய்வாளர்களும் 30, மற்ற ஊழியர்கள் 25, மாணவ மேலாளர்கள் 15. ஆக 180. ஒன்று 300 டாலர் என்றால் 54,000 டாலர். 180 டாலருக்கு இறங்கினால் 32,400.

விருது வரம்பு வீரர்களுக்குத்தான். பயிற்சியாளருக்கு அது பொருந்தாது. அதனால் அவர்களுக்கு மட்டும் தங்கத்தில் செய்ய முடியும். செய்யக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரே அணி, ஒரே மோதிரம்.

பவுலில் ஆடாமல் விலகியவர், வேறு கல்லூரிக்கு மாறியவர்?

2016 டிசம்பரில் லெனார்ட் ஃபோர்னெட்டும் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வை மனதில் வைத்துத் தங்கள் பவுல்களைத் தவிர்த்தார்கள். அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த ஆண்டின் முதல் நாளில் ஃபியஸ்டா பவுலில் நோட்ர டேமின் ஜெய்லன் ஸ்மித்துக்கு முழங்கால் சிதைந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

விலகியவர் அணியோடு பயணித்து, ஓரத்தில் நின்றால் மோதிரம் உண்டு. அணியைத் தகுதிக்குக் கொண்டுவந்த வெற்றிகளில் அவர் பங்கு இருக்கிறது. மாறுதல் பட்டியலில் பெயர் கொடுத்து பவுல் பயிற்சி தொடங்கும் முன்பே வெளியேறியவருக்கு இல்லை. இதில் கடுமையும் சலுகையும் பெரிய சிக்கல் அல்ல. விதியை ஆட்டம் முடிந்த பிறகு எழுதுவதே சிக்கல். பவுல் அழைப்பு வந்த வாரமே ஒரு பக்கத்தில் எழுதி, உடைமாற்றும் அறையில் ஒட்டிவிடுங்கள்.

விரல் அளவை எப்போது, எப்படி எடுப்பது?

பவுலுக்கு முந்தைய பயிற்சி நாட்களில். ஆட்டம் முடிந்த மறுநாள் அணி சிதறிவிடும். கடைசி ஆண்டு மாணவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள். வெற்றி உறுதியாகாதபோது அளவெடுப்பது அபசகுனம் என்று சில பயிற்சியாளர்கள் நினைப்பார்கள். அவர்களிடம் பயிற்சிச் சட்டைக்கான அளவோடு சேர்த்து எடுப்பதாகச் சொல்லிப் பட்டியலை வைத்துக்கொள்ளலாம்.

அணி மோதிரத்தின் வளையம் அகலமானது. மெல்லிய அளவு வளையத்தால் அளந்தால் மோதிரம் இறுகும். அகல அளவு வளையம் இல்லையென்றால் அரை அளவு கூட்டுங்கள். அமெரிக்க அளவில் ஒவ்வொரு முழு எண்ணுக்கும் உள்விட்டம் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் கூடும்: 10 என்றால் 19.8 மி.மீ., 13 என்றால் 22.2 மி.மீ. முன்வரிசைத் தடுப்பு வீரர்களுக்கு விரல் கணு பலமுறை பிசகிப் புடைத்திருக்கும். கணுவைத் தாண்ட வேண்டும், தாண்டிய பின் சுழலக் கூடாது. இரண்டு இடத்திலும் அளந்து நடு அளவைக் குறியுங்கள். பயிற்சி முடிந்த கையோடு அளக்காதீர்கள், விரல் வீங்கியிருக்கும். குளிரில் நின்றவர் கையையும் அளக்காதீர்கள், சுருங்கியிருக்கும். குளித்து, சாப்பிட்டு, மாலையில் அறைக்குள் அளந்தால் சரியாக வரும். வலது கையா இடது கையா என்பதையும் எழுத மறந்தால் பாதி மோதிரம் திரும்பி வரும்.

செய்முறை என்ன? கைக்கு வர எவ்வளவு நாள்?

கணினியில் முப்பரிமாண வரைவு, அதிலிருந்து மெழுகுப் படி. மெழுகுப் படிகளை மரக்கிளைபோல் ஒரு தண்டில் ஒட்டி, உருளைக்குள் நிறுத்தி, வெப்பம் தாங்கும் சாந்து ஊற்றுவார்கள். சூளையில் 700 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் மெழுகு எரிந்து வெளியேறி வெற்றிடம் நிற்கும். அந்த இடத்தில் உருகிய உலோகம் போகும். நம் ஊர் ஐம்பொன் சிலைக்கான மெழுகு வார்ப்பும் அடிப்படையில் இதுதான். பிறகு தண்டிலிருந்து வெட்டி, அரத்தால் தீட்டி, கல் பதித்து, பள்ளங்களில் கருமை ஏற்றி, மேட்டில் மெருகு போடுவார்கள். அந்தக் கருமை இல்லாவிட்டால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது.

காலக்கணக்கு இப்படி: ஜனவரி முதல் இரண்டு வாரத்தில் வரைவு, வீரர்களிலிருந்து நான்கைந்து பேர் கொண்ட குழு பார்க்கட்டும். பிப்ரவரிக்குள் அனுமதிகளும் ஒரு மாதிரி மோதிரமும். படத்தை மட்டும் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். திரையில் அழகாக இருக்கும் ஆறு நிற எனாமல், 10 மில்லிமீட்டர் இடத்தில் கலங்கிய சேறாகிவிடும். பிறகு வார்ப்புக்கு ஆறு முதல் பத்து வாரம். ஏப்ரலில் நடக்கும் வசந்தகால ஆட்டத்தன்று கொடுத்துவிடலாம். செப்டம்பருக்குத் தள்ளினால் பட்டம் வாங்கிப் போனவர்கள் அஞ்சலில்தான் பெறுவார்கள். பெற்றோர் முன்னால் வாங்குவதற்கும் அட்டைப் பெட்டியில் வருவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

ஜாஸ்டென்ஸ், பால்ஃபோர், ஹெர்ஃப் ஜோன்ஸ் மூன்றும் இந்தத் தொழிலில் நூறாண்டு கடந்த பெயர்கள். எதுவானாலும் குறைந்தது இரண்டு விலைப்புள்ளி வாங்குங்கள். விலையில் அளவு மாற்றம், பெயர்ப் பிழைத் திருத்தம், அஞ்சல் செலவு மூன்றும் அடங்குமா என்று கேளுங்கள்.

வீரர் மோதிரத்தை விற்கலாமா?

2010 டிசம்பரில் ஓகாயோ ஸ்டேட் வீரர்கள் ஐந்து பேருக்கு அடுத்த பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது. காரணம், கான்ஃபரன்ஸ் மோதிரம், சட்டை, மிச்சிகனை வென்றதற்கு அந்த அணி தரும் சிறிய தங்கக் காற்சட்டைப் பதக்கம் போன்றவற்றை விற்றதும், பச்சை குத்தும் கடையில் சலுகை பெற்றதும். விஷயம் முன்பே தெரிந்திருந்தும் மறைத்ததாகப் பயிற்சியாளர் ஜிம் டிரெஸல் 2011 மே மாதம் பதவி விலகினார். ஆர்கன்சாஸை 31–26 என்று வென்ற சுகர் பவுல் உட்பட 2010 பருவ வெற்றிகள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. தன் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலை 1 முதல் வீரர்களுக்கு வழி திறந்தது. அது விருதுப் பொருளை விற்கும் அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். களத்தில் இருக்கும் வரை, விதிமுறை அலுவலகத்தைக் கேட்காமல் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது.

இப்போது பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தருகிறதே, மோதிரம் எதற்கு?

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, ஹவுஸ் என்ற வழக்கின் உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களோடு வருவாயைப் பகிரலாம். முதல் ஆண்டான 2025–26இல் அதன் உச்சவரம்பு ஏறக்குறைய 2.05 கோடி டாலர். ஆனால் ஆக்ரன், ஈஸ்டர்ன் மிச்சிகன் போன்ற இடங்களில் ஆடுபவனுக்கு அந்த உச்சத்தொகை எட்டாத தொலைவு. பணமும் சமமாகப் பிரியாது. பந்தெறிபவனுக்கு ஒரு தொகை, மூன்றாம் வரிசைத் தடுப்பாளனுக்கு ஒன்றுமில்லை. அறையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைப்பது மோதிரம் ஒன்றே. 2025 டிசம்பரில் நோட்ர டேம் பவுல் அழைப்பையே மறுத்தது. கான்சஸ் ஸ்டேட்டும் ஐயோவா ஸ்டேட்டும் மறுத்து, ஆளுக்கு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டும் நிலைக்கு வந்தன. பெரிய இடங்கள் வேண்டாம் என்று விட்டுப்போகும் ஆட்டத்துக்கு, கிறிஸ்துமஸைக் குடும்பத்தோடு கழிக்காமல் வந்து ஆடி வெல்பவர்களை நினைத்தால் மோதிரத்தின் தேவை கூடித்தான் இருக்கிறது.

பராமரிப்பு, அளவு மாற்றம், தொலைந்தால் என்ன செய்வது?

வெள்ளியை மென்மையான பல்துலக்கியும் வெதுவெதுப்பான சோப்பு நீரும் கொண்டு கழுவினால் போதும். வெள்ளி பளபளக்கும் திரவத்தில் முக்காதீர்கள்; பள்ளத்தில் ஏற்றிய கருமையும் சேர்ந்து போய்விடும். எடை தூக்கும் அறைக்கு அணிந்து போகாதீர்கள், இரும்புத் தண்டில் அழுந்தி வளையம் நீள்வட்டமாகும். அளவை ஒன்றரை எண்ணுக்கு மேல் மாற்றினால் தோளில் உள்ள எழுத்து கோணும். அப்போது புதிதாக வார்ப்பதே மேல்.

தொலைந்தால் செய்த கம்பெனியிடம் வரைவு இருக்கும் வரை மறுவார்ப்பு கிடைக்கும். அதற்கு ஆர்டர் எண், ஆண்டு, பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் கடிதம் மூன்றும் வேண்டும். மோதிரம் கைக்கு வந்த அன்றே உட்புற முத்திரை, இரு தோள்கள், மேல்முகம் நான்கையும் படமெடுத்து, ஒரு சிறு தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். இணையத்தில் விற்கும் நகலோடு குழம்பும் நாளில் 925 முத்திரையும் அந்த எடையும் கைகொடுக்கும். நகல்கள் பெரும்பாலும் துத்தநாகம். முத்திரையை யாரும் அடிக்கலாம், எடையைப் பொய்யாக்குவது கடினம்.